வாரத்தில் மூன்று நாள்: வடசென்னையும் டயாலிசிஸ் சிகிச்சையும்



1782இல் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் பின்னாளில் மருத்துவமனையாக வளர்ந்தது. 1938இல் அங்கே தொடங்கிய கல்லூரிதான் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்கிறார்கள். ஏழைக்கு வைத்தியம் பார்ப்பதை ஊரின் கடமையாக எடுத்துக்கொண்ட மண் இது. அந்த மண்ணில் நின்று சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிப் பேசும் வாய்ப்பைத் தந்தீர்கள். நன்றி.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். டயாலிசிஸ் உயிரைக் காக்கிறது. ஆனால் தவறாமல் நடந்தால் மட்டுமே காக்கிறது. அப்படித் தவறாமல் நடக்கவைப்பது நோயாளி ஒருவரால் மட்டும் ஆகிற காரியம் அன்று. குடும்பமும், வேலை கொடுத்தவரும், அரசும், ஊரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. இன்று நான் பேசுவதெல்லாம் இந்த ஒரு கருத்துக்கு விளக்கம்தான்.

சிறுநீரகம் செய்யும் வேலை

முதுகுப் பக்கம், விலா எலும்புகளுக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள். இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. அதில் வேண்டியதையெல்லாம் உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. கழிவை அகற்றுவதோடு வேலை முடிவதில்லை. உப்பும் பொட்டாசியமும் ரத்தத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதும், ரத்த அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைப்பதும், ரத்தச் சிவப்பணு உருவாகத் தேவையான எரித்ரோபொய்ட்டின் என்னும் சுரப்பைத் தருவதும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யைப் பயன்படும் நிலைக்கு மாற்றுவதும் சிறுநீரகங்களே.

இவ்வளவு வேலை செய்யும் உறுப்பு கெடும்போது சத்தம் போடுவதில்லை. பாதிக்குமேல் பழுதான பிறகும் மனிதர் வேலைக்குப் போய்வருவார். கால் வீங்குவது, மூச்சு வாங்குவது, வாய் கசப்பது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவது, உடம்பெல்லாம் அரிப்பது எல்லாம் கடைசிக் கட்டத்தில்தான் வருகின்றன. 'கிரியாட்டினின் ஏறிப்போச்சு' என்று டாக்டர் சொல்வதைக் கேட்கிற அன்றே கழுத்தில் டியூப் போட்டு டயாலிசிஸ் தொடங்க வேண்டியவர்களாக நம்மிடம் வருகிறவர்கள் பலர். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் நிதானமாக ஆயத்தம் செய்திருக்கலாம். ஆறு ஆண்டு முன்னால் வந்திருந்தால் டயாலிசிஸையே தள்ளிப்போட்டிருக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் தொடங்கிய எல்லோருக்கும் அது ஆயுள் முழுவதும் தொடர்வதில்லை. மழைக்காலத்தில் தேங்கிய நீரில் நடந்து எலிக்காய்ச்சல் வந்தவர், பாம்புக்கடி பட்டவர், கடும் வயிற்றுப்போக்கில் நீர்வற்றிப் போனவர் ஆகியோருக்குச் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகலாம். சில நாள், சில வாரம் டயாலிசிஸ் தாங்கிப்பிடித்தால் பெரும்பாலும் அது மீண்டுவிடும். 'ஒரு தடவை ஏத்திட்டா அப்புறம் விடவே முடியாது' என்று பயந்து இவர்கள் மருத்துவத்தை மறுத்துவிடக் கூடாது. அந்தப் பயம் பிழைக்கக்கூடிய உயிர்களைப் பறித்துவிடும். நாட்பட்ட செயலிழப்பு வேறு. அதில் போன வடிகட்டி திரும்புவதில்லை.

இந்தப் பகுதியில் நோய் எங்கிருந்து வருகிறது

இந்தியச் சிறுநீரகவியல் சங்கத்தின் பதிவேடு நாடு முழுவதும் 52,273 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2012இல் வெளியானது. நாட்பட்ட சிறுநீரக நோய்க்குக் காரணம் 31 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 13 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 14 சதவீதம் பேருக்கு வடிகட்டிகளின் அழற்சி. 16 சதவீதம் பேருக்குக் காரணத்தைக் கண்டறியவே முடியவில்லை. அவர்களில் பலர் ஏழைகள், முற்றிய நிலையில் வந்தவர்கள்.

சுகரும் பிரஷரும் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அவற்றோடு சேர்ந்துகொள்பவை வேறு சில. துறைமுகத்திலும் கன்டெய்னர் கிடங்குகளிலும் மூட்டை தூக்குகிறவர் இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சீட்டில்லாமல் வாங்கும் வலி ஊசியும் அப்படித்தான். தயாரித்தவர் யார், உள்ளே என்ன என்று தெரியாத பஸ்பமும் லேகியமும் உலோகக் கலப்பால் கெடுக்கும்.

அடுத்தது வெயில். உலைக்கூடத்தில் நிற்பவரும், கப்பல் தளத்தில் வேலை செய்பவரும், உப்பளத்தில் வாருகிறவரும் வேர்த்து இழக்கும் நீரை ஈடுசெய்யாமல் நாள்முழுதும் உழைத்தால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. இந்த நகரத்தின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வுக் குழு, பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையில், தமிழக உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தது. அவர்களில் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் இத்தகைய ஆய்வுகள் சுட்டுகின்றன. கழிப்பறை கட்டுவதும், நிழலும் குடிநீரும் ஓய்வும் தருவதும் சிறுநீரக மருத்துவம்தான் என்று ஆலை நிர்வாகங்களுக்கு நாம் சொல்ல வேண்டும்.

ஆலையில் பிறந்த கருவி

டயாலிசிஸின் அடிப்படையை 1861இல் எழுதி அதற்கு இந்தப் பெயரையும் வைத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம். மெல்லிய சவ்வின் ஒருபுறம் கரைசலும் மறுபுறம் தூய நீரும் இருந்தால், சிறிய மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டி நீருக்கு வரும். பெரியவை அப்படியே நிற்கும். காசிமேட்டுச் சமையலறைகளில் இது தெரிந்த உண்மை. கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு தண்ணீருக்கு வந்துவிடுகிறது, மீன் மீனாகவே இருக்கிறது. தண்ணீரும் உப்பேறிய பிறகு மேற்கொண்டு இறங்காது. கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினால் மீண்டும் இறங்கும். டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு நிமிடம் நீரை மாற்றிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுவே.

1913இல் அமெரிக்காவில் ஜான் ஏபல் குழுவினர் நாய்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க அட்டைப்பூச்சியிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்தினார்கள். 1924இல் ஜெர்மனியின் கீசன் நகரில் கியோர்க் ஹாஸ் முதன்முதலாக மனிதருக்குச் செய்தார். ஆனால் உயிரைக் காப்பாற்றிக் காட்டிய கருவி வந்தது 1943இல், ஜெர்மன் படை பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில், காம்பன் என்னும் சிறிய ஊரில். வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் அந்த ஊரின் எனாமல் ஆலை இயக்குநர் ஹென்ட்ரிக் பெர்க்கின் உதவியைப் பெற்றார். போர்க்காலம், உலோகத்துக்குத் தட்டுப்பாடு. மரச்சட்டங்களால் ஆன உருளை ஒன்றில் இறைச்சி அடைக்கும் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டு, எனாமல் தொட்டியில் நிரப்பிய உப்புநீரில் உருளையைச் சுழலவிட்டார்கள். முதலில் வந்த நோயாளிகள் ஏறக்குறைய அனைவரும் இறந்தார்கள். 1945 செப்டம்பரில் நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண்மணி கண் திறந்தார். அதன்பின் ஏழாண்டுகள் வாழ்ந்தார்.

அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும் வளர்ந்த இந்தத் தொழில் மண்டலத்தில் இந்தச் செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செயற்கைச் சிறுநீரகம் மருத்துவரும் ஆலைக்காரர்களும் சேர்ந்து செய்த பொருள்.

கோல்ஃபின் கருவியால் ஒருவருக்குச் சில முறைதான் டயாலிசிஸ் செய்ய முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும், குழாய்கள் தீர்ந்துபோகும். 1960இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிரந்தரமாக இருக்கும் டெஃப்லான் குழாயை வடிவமைத்தார். அதை முதலில் பொருத்திக்கொண்டவர் கிளைட் ஷீல்ட்ஸ். போயிங் விமான ஆலையில் இயந்திரத் தொழிலாளி. அவர் 11 ஆண்டுகள் டயாலிசிஸில் வாழ்ந்தார். 1966இல் நியூயார்க்கில் பிரெசியாவும் சிமினோவும் அவர்களது குழுவினரும் வெளிக்குழாயே வேண்டாம், கையின் தமனியையும் சிரையையும் உள்ளேயே இணைத்துவிடலாம் என்று காட்டினார்கள். நம் நோயாளிகள் 'ஃபிஸ்டுலா கை' என்று சொல்வது அந்த இணைப்பைத்தான்.

சியாட்டில் இன்னொரு பாடத்தையும் விட்டுச்சென்றது. இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்ப் பிரமுகர்களைக் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். வேலை, வருமானம், குடும்பம், தேவாலயத்துக்குப் போகும் வழக்கம் வரை அந்தக் குழு பார்த்தது. 1962இல் அது பத்திரிகையில் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. 1972இல் அமெரிக்கா சட்டம் இயற்றி, சிறுநீரகம் செயலிழந்தவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் செலவை அரசே ஏற்றது. குழு கூட்டித் தேர்ந்தெடுக்காத நாடுகளிலும் தேர்வு நடக்கத்தான் செய்கிறது. அங்கே தேர்ந்தெடுப்பது பணமும் தூரமும்.

அந்த நான்கு மணி நேரம்

டயாலிசிஸ் வார்டுக்குள் நடப்பதைப் பார்ப்போம். நோயாளி வந்தவுடன் எடை பார்ப்பார்கள். உடலில் மிகையான நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடைக்கு 'டிரை வெயிட்' என்று பெயர். அதற்குமேல் ஏறிய ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். 'எவ்வளவு தண்ணி எடுக்கிறாங்க?' என்று பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

ஃபிஸ்டுலா கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே ரத்தம் வெளியே வருகிறது, மற்றொன்றின் வழியே உள்ளே திரும்புகிறது. நிமிடத்துக்கு 250 மில்லி என்று வைத்தால் நான்கு மணி நேரத்தில் 60 லிட்டர் ரத்தம் வடிகட்டி வழியே ஓடுகிறது. உடலில் இருப்பது ஐந்து லிட்டர்தான். அதே ரத்தம் திரும்பத் திரும்பப் போய்வருகிறது. 'டயலைசர்' என்னும் அந்த வடிகட்டி கையில் பிடிக்கக்கூடிய ஒரு குழல். அதற்குள் மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். குழாய்க்குள் ரத்தம், வெளியே எதிர்த்திசையில் உப்புக்கரைசல். யூரியாவும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் அந்தக் கரைசலுக்கு வந்துவிடுகின்றன. மிகைநீரை இயந்திரம் அழுத்தத்தால் இழுத்துக்கொள்கிறது.

அந்தக் கரைசல் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடுகிறது. ஒரு முறைக்கு 120 லிட்டர் ஆகிறது. வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர் நீர் ஒருவருடைய ரத்தத்துக்கு அருகில், மெல்லிய சவ்வு ஒன்றே இடையில் இருக்க, ஓடிப்போகிறது. குடிநீரில் இருந்தால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாத அளவு குளோரினும் அலுமினியமும்கூட டயாலிசிஸ் நீரில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒவ்வொரு மையத்துக்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையம் தனியாக வேண்டும். அதை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய மீஞ்சூர் நிலையம் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்க அமைக்கப்பட்டதும் இதே ஆர்.ஓ. முறையில்தான். நிலத்தடி நீர் உவர்த்துப்போன இந்தக் கரையில் ஒரு டயாலிசிஸ் மையம் திறக்கிறது என்றால், எத்தனை இயந்திரம் என்று கேட்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சோதிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஃபிஸ்டுலா பயன்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். தேவைப்படும் என்று தெரிந்தவுடனே போட்டுவைப்பது நல்லது. கழுத்து டியூப் அவசரத்துக்குத்தான். அதில் கிருமித்தொற்று அதிகம். ஃபிஸ்டுலா கையில் விரல் வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். காலையும் மாலையும் அதைத் தொட்டுப்பாருங்கள். நின்றுவிட்டால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீர்கள். பாரம் தூக்காதீர்கள்.

தாகமும் சாப்பாடும்

நான்கு மணி நேரம் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. மிச்ச நேரம் முழுவதும் நோயாளிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தைய நாள் போன சிறுநீரின் அளவு, அதோடு ஏறத்தாழ அரை லிட்டர்: ஒரு நாளுக்குக் குடிக்கக்கூடிய நீர் அவ்வளவுதான். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். சித்திரை வெயிலில் எண்ணூர்க் கரையில் இதைக் கடைப்பிடிப்பது பெரிய தவம். தாகத்தை அடக்க முடியாதவரைத் திட்டாதீர்கள். உப்பைக் குறைத்தால் தாகம் தானாகக் குறையும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் தீனி ஆகியவற்றில் உப்பு மிக அதிகம். கருவாடு ஊறிய உணவுமுறை இது என்பதால் சொல்கிறேன்: டயாலிசிஸில் இருப்பவருக்கு அதே விலையில் பச்சை மீன் எவ்வளவோ மேல்.

பொட்டாசியம் மௌனமாகக் கொல்லும். அளவு மீறினால் இதயத் துடிப்பு நின்றுவிடும். 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று அன்பாகக் கொடுக்கும் இளநீரும், வாழைப்பழமும், ஆரஞ்சுச் சாறும் இவர்களுக்கு ஆபத்து. காய்கறியையும் கீரையையும் நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும்.

குடும்பங்கள் குழம்பும் இடம் புரதம். டயாலிசிஸுக்கு முன்னால் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கியபின் அதைக் கூட்ட வேண்டும். வடிகட்டலில் புரதச்சத்தும் வெளியேறுகிறது. எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் நாள்தோறும் தேவை. முட்டை வெள்ளைக்கருவும் மீனும் நல்ல வழி. பத்தியம் என்று கஞ்சியை மட்டும் கொடுத்து உடலை உருக்கிவிடாதீர்கள்.

தவறினால் என்ன ஆகும்

வாரம் மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்பது உலகம் ஏற்ற முறை. மூன்று முறை செய்தாலும் வாரத்தில் ஓரிடத்தில் இரண்டு நாள் இடைவெளி விழும். அந்த நீண்ட இடைவெளிக்கு மறுநாளில்தான் சாவும் மாரடைப்பும் அதிகம் என்பதை 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. முறையாகச் செய்துகொள்பவருக்கே ஒரு நாள் கூடுதல் இடைவெளி இவ்வளவு கேடு செய்கிறது. நம் நாட்டிலோ பலருக்கு வாரம் இரண்டு முறைதான் கிடைக்கிறது. அதிலும் ஒன்று தவறினால் அடுத்ததற்கு ஒரு வாரமே ஆகிவிடும்.

ஏன் தவறுகிறது? பெரும்பாலும் அலட்சியத்தால் அன்று. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனால் திரும்ப நாள்கணக்கில் ஆகும்; அந்த மீனவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய அன்றே தொழில் போய்விடுகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வாரம் மூன்று நாள் லீவு என்றால் வேலை இல்லை. துணைக்கு வரும் மனைவிக்கும் அன்றைக்குக் கூலி இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது திருவொற்றியூர்க்காரர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அதற்கு வடக்கே நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் இருப்பவர் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே பெரும்பாலும் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வர வேண்டும். டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றும் உடம்போடு அதே வழியில் திரும்ப வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சாலைகளை மூழ்கடித்தது போன்ற நாள்களில் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் செயலிழக்கிறது என்று கணக்கிட்டுத்தான் மத்திய அரசு 2016இல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் 2009இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் இன்று முதலமைச்சரின் விரிவான காப்பீடாக டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. 1993இல் மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை சென்னையில் ஏழைகளுக்கான டயாலிசிஸ் மையங்களை நடத்துகிறது. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு, நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு நீட்டிக்கப்பட்ட நோய்ப்பயன் பட்டியலில் உண்டு. உரிய தகுதிக்காலம் இருந்தால் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். இந்த உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது. தொழிற்சங்க நண்பர்கள் இதை ஆலை வாசல்தோறும் சொல்ல வேண்டும்.

இயந்திரக் கட்டணம் இல்லாமல் போனது பெரிய காரியம். ஆனால் போக்குவரத்துச் செலவும், இழந்த கூலியும், வெளியே வாங்கும் மருந்தும் இன்னும் குடும்பத்தின் தலையில்தான் இருக்கின்றன. டயாலிசிஸைத் தவறவைப்பவை இவையே.

வீட்டிலேயே ஒரு வழி

தூரத்துக்கு மருத்துவத்தில் ஒரு விடை இருக்கிறது. வயிற்றின் உள்ளறையை மூடியிருக்கும் சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் முறை. வயிற்றில் மென்குழாய் ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். இரண்டு லிட்டர் கரைசலை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே வடித்து, புதிய பையை மாற்றிக்கொள்ள வேண்டும். பொதுவாக நாளுக்கு நான்கு முறை. ஊசி இல்லை, இயந்திரம் இல்லை, மின்சாரமும் தேவையில்லை. இதில் கழிவு நாள்தோறும் வெளியேறுவதால் உணவுக் கட்டுப்பாடும் சற்றுத் தளரும். கை சுத்தமும் வீட்டில் ஒரு சுத்தமான மூலையும் கட்டாயம் வேண்டும். தவறினால் வயிற்றில் தொற்று வரும். தாய்லாந்து 2008இல் தன் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் இதற்கே முதலிடம் தந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய நம் மாநிலத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. வெள்ளத்தில் துண்டிக்கப்படும் குப்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. 'எனக்கு இது ஒத்துவருமா?' என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

எர்ணாவூரை மறக்கக் கூடாது

டயாலிசிஸைவிட நல்ல வாழ்வைத் தருவது மாற்றுச் சிறுநீரகம். இந்தியாவில் முதல் வெற்றிகரமான அறுவை 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஆனால் அதன் நிழலாக வந்த ஒரு வியாபாரம் இந்தப் பகுதியைக் கொள்ளையடித்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நேர்மையாக இராது.

1994இல் உறுப்பு விற்பனையைச் சட்டம் தடைசெய்தது. இருந்தும் 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்து, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்கவே விற்றவர்கள். விற்றபின் அவர்களின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்குக் கடன் அடையவும் இல்லை. சுனாமிக்குப் பின் எர்ணாவூர் முகாம்களில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் தங்கள் சிறுநீரகங்களை விற்ற செய்தி 2007 ஜனவரியில் வெளியானது. 40,000, 60,000 ரூபாய்க்காக. கடலும் தொழிலும் விட்டுத் தூரத்தில் தள்ளப்பட்டு, கடனில் மூழ்கிய தாய்மார்கள் அவர்கள்.

விற்றவரும் ஏழை. டயாலிசிஸ் தவறிச் சாகிறவரும் ஏழை. முறையான டயாலிசிஸ் எட்டாமல் போகும்போதெல்லாம் தரகனுக்கு வேலை பிறக்கிறது. அவனுடைய தொழிலை ஒழிக்க இரண்டு வழி: டயாலிசிஸை எல்லோருக்கும் தடையின்றிக் கொடுப்பது, மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானமாகப் பெறுவது. 2008இல் தமிழக அரசு வகுத்த முறைதான் நாட்டுக்கே முன்மாதிரியானது. 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தந்தவரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது. வீட்டில் இதைப் பேசிவையுங்கள். துயரத்தின் நடுவே முடிவெடுக்க நேரும்போது, 'அவர் இதைத்தான் விரும்பினார்' என்று குடும்பத்தாரால் சொல்ல முடியும்.

வருமுன் காக்கும் சிறிய செலவு

மருத்துவர் எம்.கே. மணி சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர், பத்மபூஷண் பெற்றவர். அவரது சிறுநீரக உதவி அறக்கட்டளை சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் வீடுவீடாகப் போய் சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று பார்த்தது. ரத்த அழுத்தம் அளந்தது. நோய் இருந்தவர்களுக்கு மிக மலிவான மாத்திரைகளைக் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தது. அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். தலைக்கு ஆண்டுக்கு ஆன செலவு 27 அமெரிக்க செண்டு, அன்றைய மதிப்பில் பதினைந்து ரூபாய்க்கும் குறைவு. பெரும்பாலோருக்குச் சுகரும் பிரஷரும் கட்டுக்குள் வந்தன. நம் ஊரில், நம் பெண்களைக் கொண்டு செய்து காட்டிய வழி இது. இதைத் திருவொற்றியூர் மண்டலத்தின் ஒவ்வொரு தெருவிலும் செய்ய முடியும்.

வேண்டுகோள்

முடிக்கும்முன் நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, அரசுக்கு. டயாலிசிஸ் மையங்கள் எண்ணூர் வரை வரட்டும். போய்வரும் செலவும் சிகிச்சையின் பகுதியாகக் கருதப்படட்டும். வெள்ள நாள்களில் டயாலிசிஸ் நோயாளிகளை அழைத்துவர வார்டுவாரியான பட்டியலும் வண்டியும் புயலுக்கு முன்பே ஆயத்தமாக இருக்கட்டும். கத்திவாக்கம், மணலி, திருவொற்றியூர் மக்களுக்கென்று சிறுநீரக நோய்ப் பதிவேடு ஒன்று தொடங்கட்டும். சாம்பலும் எண்ணெயும் புகையும் சூழ்ந்து வாழும் மக்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.

இரண்டாவது, ஆலைகளுக்கு. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சட்டம் சொல்கிறது. அதில் ஒரு பங்கு டயாலிசிஸ் நாற்காலிகளாகவும் நோயாளி வண்டிகளாகவும் மாறட்டும். அதைவிட முக்கியமாக, டயாலிசிஸில் இருக்கும் தொழிலாளிக்கு ஷிப்ட்டை மாற்றிக்கொடுங்கள். அவரால் வேலை செய்ய முடியும். கிளைட் ஷீல்ட்ஸும் உங்களைப்போன்ற ஓர் ஆலையின் தொழிலாளிதான்.

மூன்றாவது, குடும்பங்களுக்கு. டயாலிசிஸ் நாளில் துணைக்கு ஒருவர் என்று முறைபோட்டுக்கொள்ளுங்கள். எல்லாச் சுமையையும் மனைவி அல்லது தாயின் தோளில் வைக்காதீர்கள்.

நான்காவது, இங்கே அமர்ந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும். முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கேட்கமாட்டார்கள். உங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மழை பெய்யும் நாளில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைத் தெருவே ஏற்கட்டும்.

ஒருவருக்கு வாரத்தில் மூன்று நாளைத் தவறாமல் உறுதிசெய்து கொடுத்தால் மிச்ச நாள்களை அவரே வாழ்ந்துகொள்வார்: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார், வேலைக்குப் போவார், பேரனைத் தூக்குவார். அந்த உறுதியை ஓர் ஊராக நின்று கொடுக்கும் வலிமை வடசென்னைக்கு இருக்கிறது என்று முழுமையாக நம்புகிறேன்.